முதலாளியின் காதுக்கு எட்டாதவை

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, வங்கிக் கிளை, மருத்துவமனை என்று எதில் நுழைந்து பார்த்தாலும், எஜமானருக்கும் சிப்பந்திக்கும் நடுவே செய்தி கொண்டுபோகும் சாதனங்களுக்கு இன்று பஞ்சமே இல்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கல்லாவுக்கு அருகே கட்டம் கட்டமாகப் பிரிந்த கேமராத் திரை. மேற்பார்வையாளர் கையில் செல்போன். அந்தப் போனுக்குள் சிப்பந்திகள் எல்லோரையும் சேர்த்து வைத்த வாட்ஸ்அப் குழு. கடை திறப்பதற்கு முன்பே அந்தக் குழுவில் வந்து விழும் உத்தரவு. அதன் கீழே அணிவகுத்து நிற்கும் "ஓகே சார்", "ஓகே சார்" என்ற பதில்கள். இவ்வளவு சௌகரியங்கள் இருந்தும், மூன்றாவது மாடியில் புடவை மடித்துக்கொண்டிருக்கும் பெண்ணின் மனத்தில் உள்ள ஒரு வாக்கியம் தரைத்தளத்துக் கல்லாவை வந்து அடைவதில்லை என்பதும், அது வந்தடையவில்லையே என்ற விசாரம் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குச் சிறிதும் இல்லை என்பதுமே ஆச்சரியம்.

இதே காரைக்குடியும் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களும், தொலைபேசி எட்டாததும் தந்திக்குச் செலவு பிடித்ததுமான ஒரு காலத்தில், கடலுக்கு அக்கரையில் இருந்த கடைகளைக் கடிதத்தின் துணையைக்கொண்டே தலைமுறை தலைமுறையாக நிர்வகித்து வந்தன என்பதை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு, இன்றைய குறை சாதனத்தின் குறை அன்று என்பது எளிதில் விளங்கும். தூரத்தில் இருந்த முதலாளி, தமக்கு அங்கே கண் இல்லை என்பதை அறிந்திருந்தார். ஆகையால் பிறர் சொல்லக் கேட்டார். பக்கத்தில் வந்துவிட்ட முதலாளி, தமக்கு எல்லாம் தெரிகிறது என்று நம்பிவிட்டார். ஆகையால் கேட்பதை நிறுத்திவிட்டார். ஒரு ஸ்தாபனத்தின் பேச்சுவார்த்தை நன்றாக இருக்கிறதா என்று அறிய, மேலிருந்து எத்தனை உத்தரவுகள் இறங்குகின்றன என்று எண்ணிப் பயனில்லை. கீழிருந்து எவ்வளவு கசப்பான செய்தி மேலே ஏற முடிகிறது என்பதே சரியான அளவுகோல் என்பது என் அபிப்பிராயம்.

நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்களின் அந்தப் பழைய கடைகளின் அமைப்பைச் சற்று விரிவாகவே பார்ப்போம். 1929–30-ல் விசாரணை நடத்திய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்த நாட்டில் மாத்திரம் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருப்பதாகவும், அவற்றில் புழங்கிய மூலதனம் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. இவை அல்லாமல் கொழும்பிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சைகோனிலும் கடைகள் இருந்தன. பணத்துக்கு உடையவர் பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருப்பார். கடையை நடத்துபவர் ஏஜென்டு. மூன்றாண்டுத் தவணைக்குச் சம்பளம் பேசி, அதில் ஒரு பகுதியை முன்பணமாக வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டு, முதலாளியின் பெயரால் கொடுக்கவும் வாங்கவும் கோர்ட்டில் வழக்காடவும் அதிகாரம் தரும் பத்திரத்தைக் கையில் பெற்றுக்கொண்டு அவர் கப்பலேறுவார். அவருக்குக் கீழே அடுத்தாள். எல்லோருக்கும் கீழே, மீசை அரும்பாத வயதிலேயே தொழில் பழக வந்த பெட்டியடிப் பையன். முதலாளிக்கும் இவர்களுக்கும் நடுவில் ஒரு சமுத்திரம் கிடந்தது.

அந்தச் சமுத்திரத்தைத் தாண்டி ஊருக்கு வந்தவை ஏஜென்டின் கடிதமும் கணக்கின் நகலும். தாம் இருக்கும் ஊரில் நெல் என்ன விலை போகிறது, யார் தவணை தவறினான், எந்தக் கடை தள்ளாடுகிறது, எந்த அடமானத்தின்மீது சந்தேகம் விழுந்திருக்கிறது என்றெல்லாம் ஏஜென்டு எழுதுவார். இரங்கூன் மொகல் தெருவிலிருந்த செட்டியார் கோயிலில் பெரியவர்கள் மாதந்தோறும் கூடி முடிவுசெய்யும் நடப்பு வட்டியும் அந்தச் செய்திகளில் ஒன்று. முதலாளி அதைப் படித்துவிட்டுத் தம் புத்திமதியையோ கண்டனத்தையோ எழுதுவார். உத்தரவு மேலிருந்து வந்தது உண்மையே. ஆயினும் அந்த உத்தரவுக்கு விஷயம் கொடுத்தது கீழிருந்து போன கடிதம். அது போகாவிட்டால் முதலாளி இருட்டில் இருப்பார். தாம் இருட்டில் இருப்பது அவருக்கே தெரிந்திருக்கும். இந்தத் தெரிதல்தான் அந்த ஏற்பாடு முழுவதற்கும் ஆதாரம்.

இனி, ஏஜென்டு உண்மையைத்தான் எழுதுவார் என்பதற்கு என்ன உத்தரவாதம் இருந்தது? ஒரே சாதி, ஒரே கோயில், கொண்டான் கொடுத்தான் உறவு என்று சொல்லி இக்கேள்வியை முடித்துவிடுவது பலருக்கு வழக்கம். உறவு ஓர் அரண்தான். ஆனால் உறவினரும் பொய் சொல்வார்கள் என்பதை நன்கறிந்த வியாபாரிகள் அவர்கள். ஆகவே உண்மை சொல்வது லாபமாகவும், மறைப்பது நஷ்டமாகவும் முடியும்படி சில ஏற்பாடுகளைச் செய்துவைத்தார்கள். கடையின் லாபத்தில் ஏஜென்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது முதல் ஏற்பாடு. தவணை முடிந்ததும் அடுத்த ஏஜென்டு வந்து, பேரேட்டைப் புரட்டி, ஒவ்வொரு பற்றையும் இது வரும், இது வராது என்று பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகே பழையவர் ஊர் திரும்புவார் என்பது இரண்டாவது. வாராக் கடனை வந்துவிடும் கடன்போல எழுதிக் காட்டியவரின் சாமர்த்தியம், ஐந்தொகை போடும் நாளில் அம்பலத்துக்கு வந்துவிடும். மறைப்பதனால் கிடைப்பது அதிகபட்சம் மூன்றாண்டு அவகாசம். அதற்குள் சொல்லிவிட்டால் முதலாளியின் புத்திமதியாவது கிடைக்கும்.

மூன்றாவது ஏற்பாடு கிட்டங்கி. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பிற ஊர்களிலும், நீண்ட கூடம் ஒன்றில் பல கடைகள் அடுத்தடுத்து இருந்தன. ஒவ்வொரு விலாசத்துக்கும், அதாவது ஒவ்வொரு கடைக்கும், தரையில் ஒரு பாய், ஒரு கைப்பெட்டி, பின்னால் ஓர் அலமாரி, அவ்வளவே ஆபீஸ். பகலில் அங்கேதான் வியாபாரம். இரவில் அங்கேதான் படுக்கை. இந்தக் கடைக்காரர் செய்வதை அந்தக் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார்; ஏஜென்டு சொல்லாமல் விட்டது மற்றொரு ஏஜென்டின் கடிதத்தின் வழியே ஊருக்குப் போய்விடக் கூடும். முதலாளிக்குச் செய்தி வருவதற்கு ஒரே ஒரு வழி இல்லை. இரண்டு, மூன்று வழிகள் இருந்தன. ஒரே வாயை நம்பியிருக்கும் நிர்வாகம் அந்த வாய்க்கு அடிமையாகிவிடும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள் போலும்.

இவற்றோடு, ஏஜென்டுக்குக் கொடுத்திருந்த சுதந்திரத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுப்பது, என்ன வட்டி போடுவது என்பதை அன்றாடம் முதலாளியைக் கேட்டுச் செய்யக் கடல் இடம் கொடுக்காது. அவரே முடிவுசெய்தாக வேண்டும். அற்ப விஷயங்களை அவரே தீர்த்துக்கொண்டதால், கடிதத்தில் கனமான விஷயங்களுக்கு இடம் இருந்தது. இன்றோ, புடவை விலையில் ஐம்பது ரூபாய் குறைப்பதற்குக்கூட மேற்பார்வையாளர் படியிறங்கி வந்து அனுமதி கேட்கவேண்டியிருக்கிறது. நாள் முழுவதும் மேலும் கீழும் பேச்சு ஓடிக்கொண்டேயிருக்கிறது. அத்தனையும் ஐம்பது ரூபாய்ப் பேச்சு. அவசியமான பேச்சுக்கு அங்கே நேரமும் இல்லை, நாக்கில் தெம்பும் இல்லை.

பழமையைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை; அந்த ஏற்பாட்டின் இருண்ட பக்கங்களையும் சொல்லியே ஆகவேண்டும். ஏஜென்டின் சொல் முதலாளியிடம் ஏறியதேயொழிய, பெட்டியடிப் பையனின் சொல் ஏஜென்டிடம் ஏறியதாகச் சொல்ல முடியாது. பேசும் உரிமை அவனுக்கு இல்லை. வசவு வாங்கும் கடமை இருந்தது. சிங்கம்புணரியில் பிறந்து, 1938-ல் கடலுக்கு அக்கரையிலுள்ள மேடானுக்குப் போய் வேலை பார்த்த ப. சிங்காரம் எழுதிய இரண்டு நாவல்களும் அந்தக் கடைகளின் உலகத்தை உள்ளிருந்து காட்டுபவை. முதலாளிக்கும் ஆளுக்கும் இடையிலிருந்த பாசத்தோடு அங்கே நிலவிய கண்டிப்பையும் அவற்றில் காணலாம். இதைவிடப் பெரிய குறை மற்றொன்று. கடைக்கு உள்ளே பேச்சு ஒழுங்காக நடந்ததே தவிர, கடன் வாங்கிய பர்மியக் குடியானவனின் பேச்சு எந்தக் கடிதத்திலும் அவன் குரலாக இடம்பெறவில்லை. 1930-க்குப் பின் நெல் விலை வீழ்ந்து, கடன் அடைபடாமல் நிலங்கள் கைமாறி, கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் நூற்றுக்கு 6 என்ற அளவிலிருந்து 1937-க்குள் சுமார் 25 ஆக உயர்ந்தது. ஐந்தொகையில் அது சொத்தாகத் தெரிந்தது. ஊராரின் மனத்தில் அது பகையாக வளர்ந்தது. கணக்கில் எழுத முடியாத செய்தியைக் கேட்பதற்கு அந்த ஏற்பாட்டிலும் காது இல்லை. ஜப்பானியர் படையெடுப்பும், அதற்குப் பின் சுதந்திர பர்மாவின் நிலச் சட்டங்களும் அந்த அத்தியாயத்தை முடித்துவைத்தன.

கடையின் இடத்தில் வங்கி வந்தது. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஏககாலத்தில் கதவு திறந்தது. பழைய ஏஜென்சிக் கடையின் பூகோளமே புதிய வங்கியின் பூகோளமாயிற்று. ஆனால் காலப்போக்கில் ஏஜென்டின் கடிதம் இருந்த இடத்தைத் தலைமை அலுவலகத்தின் சுற்றறிக்கை பிடித்துக்கொண்டது. எந்த வங்கிக்கும், எந்தப் பெரிய ஸ்தாபனத்துக்கும் இது பொருந்தும். கடிதம் ஒருவருக்கு ஒருவர் எழுதுவது, பதிலை எதிர்பார்ப்பது. சுற்றறிக்கை எல்லோருக்கும் எழுதப்படுவது. பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்தை மாத்திரம் எதிர்பார்ப்பது. அதன் பேரக்குழந்தைதான் இன்றைய வாட்ஸ்அப் குழு.

கேமரா அதற்கு ஒரு படி மேலே போயிற்று. திரையின் முன் உட்கார்ந்திருப்பவருக்குத் தாம் சர்வவியாபி என்ற பிரமை உண்டாகிறது. விற்பனைப் பெண் அலமாரியில் சாய்ந்து நிற்பது திரையில் தெரியும். ஆகவே சோம்பேறி என்ற தீர்ப்பும் உடனே கிடைத்துவிடும். காலை ஒன்பதரையிலிருந்து நின்று நின்று அவள் பாதம் வீங்கியிருப்பது திரையில் தெரியாது. அதை அவள்தான் சொல்லவேண்டும். அவள் சொல்லாமலும் இல்லை. மேற்பார்வையாளரிடம், "அண்ணே, காலு ரெண்டும் வீங்கிப்போச்சு, ஒரு ஸ்டூல் போடச் சொல்லுங்கண்ணே" என்கிறாள். அவரோ, "இப்பப் போய் அதச் சொன்னா முதலாளி என்னையத்தான் வைவாக, தீவாளி யாவாரம் முடியட்டும், பாப்பம்" என்கிறார். தீபாவளி முடிந்தால் பொங்கல் வருகிறது. பொங்கல் முடிந்தால் ஆடித் தள்ளுபடி வருகிறது. மேற்பார்வையாளர் கெட்டவர் அல்லர். அவரும் சம்பளத்துக்கு நிற்பவர். கசப்பைக் கொண்டுபோகிறவனுக்கு வசவும் இனிப்பைக் கொண்டுபோகிறவனுக்குப் பாராட்டும் கிடைக்கும் இடத்தில், எந்த மனிதனும் இனிப்பையே பொறுக்கியெடுத்துக்கொண்டு போவான். இப்படி ஒவ்வொரு படியிலும் தண்ணீர் கலந்த பாலைப்போல, உண்மை மேலே போகப்போக நீர்த்துப்போய், கல்லாவை அடையும்போது வெறும் வெள்ளை நிறமாக நிற்கிறது.

உள்ளே காது கிடைக்காத குறை வெளியே காது தேடும். ஸ்டூல் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வேலை பார்ப்பவர் சற்று உட்கார இடம் வேண்டும் என்ற எளிய விண்ணப்பம், கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்களின் போராட்டமாக வளர்ந்து 2018-ல் சட்டமாயிற்று. தமிழ்நாட்டில் 2021-ல் சட்டசபை கூடி, 1947-ம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்கவேண்டும் என்று விதி செய்யவேண்டியிருந்தது. மூன்று மாடி இறங்கி வரமுடியாத ஒரு வாக்கியம், கோட்டைக்குப் போய் மசோதாவாகி, சட்டமாகித் திரும்பி வந்தது! சில நூறு ரூபாய் ஸ்டூலுக்கு இவ்வளவு பெரிய பிரதட்சிணம் தேவைப்பட்டது என்பது, சட்டசபைக்குப் பெருமையாக இருக்கலாம். கடை முதலாளிகளுக்குப் பெருமை அல்ல.

இது புதிய கதையும் அல்ல. 1918-ல் சென்னைப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் தங்கள் குறைகளைச் செல்வபதிச் செட்டியாரிடமும் இராமாநுஜலு நாயுடுவிடமும் சொல்லப்போக, பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு, திரு.வி.க. போன்றோர் துணைநிற்கச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. ஆலைக்குள் கேட்கும் காது இருந்திருந்தால், அவர்கள் வெளியே வந்து சொல்லியிருப்பார்களா என்பது சிந்திக்கத்தக்கது. 2024-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் தொழிற்சாலையில் 37 நாட்கள் நடந்த வேலைநிறுத்தத்திலும் சம்பளத்தோடு முன்னால் நின்ற கோரிக்கை, எங்கள் சங்கத்தை அங்கீகரியுங்கள் என்பது. யார் வாயால் நாங்கள் பேசுவது என்பதை நாங்களே தீர்மானிக்கிறோம் என்பதே அதன் சாரம்.

செய்தி மேலே ஏறாமற்போனால் மனக்கசப்பு மட்டுமே மிஞ்சும் என்று நினைப்பவர்கள், 1986-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி அமெரிக்காவில் நடந்ததை நினைவுகூரலாம். சாலஞ்சர் விண்கலம் கிளம்புவதற்கு முந்தைய இரவே, அதன் உந்துகலங்களைச் செய்த மார்ட்டன் தயோகால் கம்பெனியின் எஞ்சினீயர்கள், இந்தக் குளிரில் இணைப்புகளிலுள்ள ரப்பர் வளையங்கள் தாங்குமா என்று அஞ்சி, ஏவவேண்டாம் என்று வாதாடினார்கள். நிர்வாகிகள் அவர்கள் சொல்லைத் தள்ளிவிட்டுச் சம்மதம் கொடுத்தார்கள். கிளம்பிய 73-வது வினாடியில் கலம் சிதறி ஏழு பேர் மாண்டார்கள். அறிவு கீழே இருந்தது. அதிகாரம் மேலே இருந்தது. இரண்டுக்கும் நடுவிலிருந்த படிக்கட்டில் உண்மை வழுக்கி விழுந்தது. நம் ஊர் மருத்துவமனையில், டாக்டர் எழுதிய மருந்தின் அளவு மிகையாயிற்றே என்று நர்ஸுக்குத் தோன்றியும் வாய்திறக்க அஞ்சினால், அங்கே நடப்பதும் இதுவே.

இவ்விஷயத்தைப் பற்றிப் பேசினால், "என்னிடம் நேரே வந்து சொல்லலாமே, யார் தடுத்தார்கள்?" என்று கேட்கும் முதலாளிகள் பலர் உண்டு. மனப்பூர்வமாகவே கேட்கிறார்கள். ஆனால், பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் வாங்கிய முன்பணம் இன்னும் கழியாமல் இருக்கையில், வேலைக்குச் சேர்த்துவிட்டவரே மேற்பார்வையாளராக இருக்கையில், போன வருஷம் நேரே போய்ச் சொன்னவர் தீபாவளிக்கு மறுமாதம் வேலையை விட்டு நின்றுபோனது நினைவில் இருக்கையில், நேரே வந்து சொல்ல யாருக்குத் துணிவு வரும்? தாமாக வந்து சொல்வதைச் சிப்பந்தியின் தைரியத்துக்கு விட்டுவிடுவது, முதலாளி தம் கடமையைத் தம்மிலும் எளியவன் தலையில் கட்டுவதாகும். செவிக்குக் கசந்தாலும் சொல்லைப் பொறுத்துக்கொள்வதை அரசனின் குணமாக வைத்து, வள்ளுவர் அதை இறைமாட்சியில் சேர்த்திருக்கிறார். குடிமகனின் வீரத்தைச் சோதிப்பதற்காகச் சொல்லவில்லை.

சட்டம் ஓரளவு வழி காட்டியிருக்கிறது. நூறு பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தொழிலகங்களில், இரு தரப்புப் பிரதிநிதிகளும் சேர்ந்த பணிக்குழு அமைக்க 1947-ம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டமே இடம் செய்தது. 2020-ம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு, இருபது பேருக்கே குறைதீர் குழு வேண்டும் என்கிறது. ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை கூடி, டீயும் வடையும் சாப்பிட்டு, "குறை எதுவும் இல்லை" என்று நோட்டில் எழுதிக் கலைந்துபோகும் குழுவினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. குறை எதுவும் இல்லை என்று எழுதப்பட்ட நோட்டே அந்த ஸ்தாபனத்தின் மிகப் பெரிய குறைக்குச் சாட்சி.

சட்டம் காட்டிய வழிக்கு உயிர் கொடுக்கப் பழைய கடைகளின் விவேகத்திலிருந்தே மூன்று காரியங்களை எடுத்துக்கொள்ளலாம். உறவும் சாதியும் நமக்கு வேண்டாம், ஏற்பாடுகள் போதும். ஒன்று, சிறிய விஷயங்களைக் கீழே உள்ளவர்களே முடிவுசெய்ய அதிகாரம் கொடுத்துவிடவேண்டும். ஐம்பது ரூபாயைத் தீர்மானிக்க முடியாதவர் ஐம்பதாயிரம் ரூபாய் நஷ்டத்தைப் பற்றி எச்சரிக்கவும் மாட்டார். இரண்டு, செய்தி வருவதற்கு ஒரே வாயை நம்பாமல், மாதத்தில் ஒரு நாள் முதலாளியே மாடி ஏறி, மேற்பார்வையாளர் கூட இல்லாமல், நின்றுகொண்டிருப்பவர்களிடம் இந்த மாதம் உங்களுக்கு எது கஷ்டமாக இருந்தது என்று கேட்டு, சொன்னதைத் தம் கைப்பட எழுதிக்கொள்ளவேண்டும். மூன்று, எழுதிக்கொண்டதற்குப் பதில் சொல்லவேண்டும். முடியாது என்பதும் ஒரு பதிலே. கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் இருப்பவரைவிட, கேட்காமலே இருப்பவர் மேல். அவராவது நம்பிக்கையைக் கொடுத்துப் பறிப்பதில்லை.

இந்த மூன்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. செலவாவது கொஞ்சம் கௌரவம்தான். அதுவும் முதலாளியின் கௌரவம். ஆகையால்தான் இது எளிதாக நடப்பதில்லை. ஆயினும் சித்திரையிலோ ஏப்ரலிலோ புதுக்கணக்கு எழுதும் ஒவ்வொரு முதலாளியும், அதிகாரியும், தலைமையாசிரியரும், வரவு செலவைக் கூட்டிப் பார்த்து முடித்தபின் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். சென்ற ஆண்டில், நான் கேட்க விரும்பாத செய்தியை என்னிடம் வந்து சொன்னவர் யார்? அவர் இன்றைக்கும் இங்கே வேலையில் இருக்கிறாரா? அப்படி ஒருவர் பெயரும் நினைவுக்கு வராவிட்டால், தமது ஸ்தாபனத்தில் குறையே இல்லை என்று அவர் மகிழவேண்டாம். சொல்வதற்கு ஆள் இல்லாமற்போயிற்று என்று அன்றைக்கே கவலைப்படத் தொடங்கலாம்.